பாபிருசா என்று பெயர் வைத்தவர்

சௌந்தரராஜனுக்குப் பெயர் வைப்பதில் ஒரு கிறுக்கு உண்டு. அவருடைய அப்பா சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்த்தார். புதுச் சரக்கு வந்தால் முதலாளி பெயர் கேட்பார். அப்பா அதை வீட்டுக்கு வந்து சாப்பாட்டு நேரத்தில் கேட்பார். எட்டாவது படிக்கும்போது சௌந்தரராஜன் சொன்ன ஒரு பெயர் நிஜமாகவே அச்சாகி, ஒரு தீபாவளி முழுக்கக் கடைகளில் தொங்கியது. அதிலிருந்து பிடித்தது. ஹைதராபாத் கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து இருபது வருஷமாகியும் விடவில்லை. ஆபீஸில் மீட்டிங் அறைகளுக்கு, கிரிக்கெட் அணிக்கு, ஓயாமல் மக்கர் பண்ணும் பிரிண்டருக்குக்கூட அவர் வைத்த பெயர்கள்தான் புழங்கின. "சார் நாக்குல வச்சா அது ஒட்டிக்கும்" என்று டீமில் சொல்வார்கள். அவருக்கு அதில் பெருமை.

ஆள் கெட்டவர் இல்லை. லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார். யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். தான் நியாயமான மனிதர் என்று அவரே நம்பியிருந்தார். நாற்பத்தெட்டு வயதுவரை அந்த நம்பிக்கைக்குப் பெரிய சோதனை எதுவும் வரவில்லை.

அவருடைய டீம் அப்போது ஜகார்த்தாவில் உள்ள ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தது. கோழியும் மாட்டிறைச்சியும் ஹலால் முறையில் வெட்டி, குளிர்கிடங்குகளில் வைத்து, கடைகளுக்கு அனுப்பும் கம்பெனி. எந்தக் கிடங்கில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று பார்ப்பதற்கான சாஃப்ட்வேர். புதிதாக ஒவ்வொரு பதிப்பு வெளியாகும்போதும் ஆங்கில எழுத்து வரிசைப்படி ஒரு மிருகத்தின் பெயரை வைப்பது டீமின் வழக்கம். முதல் பதிப்பு அல்பாகா. அடுத்து பி.

கரடி, காட்டெருமை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சௌந்தரராஜன் எல்லாவற்றையும் கையால் தள்ளிவிட்டு, தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டு எல்லாருக்கும் காட்டினார். மயிரே இல்லாத சாம்பல் தோல். மெலிந்த கால்கள். பன்றியின் உடம்புதான், ஆனால் மூக்குக்கு மேலே, தோலைப் பொத்துக்கொண்டு இரண்டு தந்தங்கள் கிளம்பி, நெற்றியை நோக்கிப் பின்பக்கமாக வளைந்து போயின.

"மேல்தாடைக் கோரைப்பல்லு அது. கீழ வளர வேண்டியது தலைகீழாத் திரும்பி மூஞ்சியத் துளைச்சுக்கிட்டு வருது. பேரு பாபிருசா. பாபின்னா பன்னி, ருசான்னா மான். கொம்பு மாதிரி இருக்குல்ல, அதான் பன்னிமான். இதுல விசேஷம் என்னன்னா, இது உலகத்துலயே இந்தோனேஷியாவுலதான் இருக்கு. நம்ம கிளையண்ட் நாட்டு மிருகம். அசந்துடுவாங்க பாருங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். பிரசாத் என்று ஒரு பையன், செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், டீமில் திரை வடிவமைப்பு அவன் பொறுப்பு. இணையத்திலிருந்து அந்த மிருகத்தின் முகத்தை எடுத்து அழகான சின்னமாக வரைந்துவிட்டான். ஆனால் கிடங்கு ஆட்கள் கையில் வைத்திருக்கும் சின்ன மெஷினில் பெயர் முழுதாக அடங்கவில்லை. "பாபின்னு மட்டும் போட்டுடறேன் சார்" என்றான். ஹிந்திக்காரப் பையன்களுக்கு அது தங்கள் பாஷையில் அண்ணியைக் கூப்பிடும் சொல்போலக் காதில் விழுந்தது, "பாபி ரெடியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

நஸ்ரின் அப்போதுதான் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கூத்தாநல்லூர்ப் பெண். சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மீட்டிங்கில் பேசவே மாட்டாள். பிரசாத் வரைந்ததை மீட்டிங்கில் காட்டிய அன்றைக்குத் திரையில் பெரிதாக 'BABI' என்றும் கீழே பன்றியின் முகமும் வந்தபோது, அவள் கையைத் தூக்கினாள்.

"சார், முழுப் பேரு பரவால்ல சார். பாபின்னு மட்டும் போட வேணாம். எங்க அத்தா பினாங்குல ரொம்ப நாள் கடை வச்சிருந்தாங்க. மலேசியா, இந்தோனேஷியா பக்கமெல்லாம் அது திட்டுற வார்த்தை சார். அசிங்கமாத் திட்டுறது. இவங்க வேற ஹலால் கம்பெனி..."

சௌந்தரராஜன் சிரித்தார். கோபமெல்லாம் இல்லை. தான் வைத்த பெயரில் ஒருத்தர் குறை கண்டுபிடித்தது மட்டும் லேசாக உறுத்தியது.

"உனக்குப் பன்னின்னா ஆகாது. அதான் விஷயம். அதுக்குப் போய் ஜகார்த்தாவ ஏம்மா இழுக்குற?"

அறையில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கும் புரியட்டும் என்று அதையே ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நஸ்ரினும் கொஞ்சம் சிரித்தமாதிரிதான் இருந்தது. அவள் கையை இறக்கிக்கொண்டாள். மீட்டிங் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

பதிப்பு வெளியான மறுநாள் காலையில் ஜகார்த்தாவிலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் கம்பெனியில் இவர்களோடு பேசுபவர் வுலான் என்கிற அம்மாள். மரியாதைக்கு இபு வுலான் என்று கூப்பிடுவார்கள். எப்போதும் முதலில் நலம் விசாரிப்பவர் அன்று விசாரிக்கவில்லை. கிடங்கில் ஆட்கள் மெஷினைத் திறந்ததும் அந்த வார்த்தையும் அந்த முகமும் வந்ததாம். சின்ன வயதுக்காரர்கள் போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்களாம். பெரியவர் ஒருவர், கிடங்கின் மேற்பார்வையாளர், அந்த மெஷினைத் தொடமாட்டேன் என்று வைத்துவிட்டுப் போய்விட்டாராம். "நாங்கள் என்ன விற்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும்தானே?" என்று வுலான் ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். "எங்களைப் பார்த்துச் சிரிப்பதற்காகச் செய்ததா இது?"

அறையில் சௌந்தரராஜன், பிரசாத், நஸ்ரின் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். திரையில் வுலானும் அவருடைய மேலதிகாரியும். சௌந்தரராஜனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. மன்னிக்க வேண்டும், தெரியாமல் நடந்துவிட்டது என்று ஆரம்பித்தார். அந்த மேலதிகாரி குறுக்கிட்டார்: "இந்தப் பெயரை வைத்தது யார்?"

ஒரு நொடிதான். பின்னால் பல மாதங்கள் அந்த நொடியைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறார். நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"டீமில் புதிதாக வந்த ஜூனியர் ஒருவர். அனுபவம் இல்லை. நான் கவனித்திருக்க வேண்டும்."

வுலான் முகத்தைச் சுருக்கினார். சோதனை ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரே ஜூனியர் பெயரில்தான் அவருக்குப் போய்க்கொண்டிருந்தன. "நஸ்ரினா?"

மேஜைக்கு எதிர்ப்பக்கம் நஸ்ரின் தலையைத் தூக்கினாள். வாய் லேசாகத் திறந்தது. அவரைப் பார்த்தாள். பிரசாத் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்னப் பெண். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்றார் சௌந்தரராஜன்.

அழைப்பு முடிந்ததும் நஸ்ரின் லேப்டாப்பை மூடி, சார்ஜரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். கிளையண்ட் எதிரில் டீம் லீடர் முகம் கெடக்கூடாது, உனக்குக் கெடுதல் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல ஏதோ ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். அதைச் சொல்ல அவள் இடம் கொடுக்கவில்லை.

பெயரும் படமும் அன்று மத்தியானமே மாற்றப்பட்டன. ஆனால் ஜகார்த்தாக்காரர்கள், அந்தப் பெண் எங்கள் வேலையில் இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சௌந்தரராஜனுக்கு மேலே இருந்த சாருலதா மேடம் அதன்படியே செய்தார். நஸ்ரினுக்கு வேறு வேலை தரவில்லை. கேன்டீனுக்குப் போகும் வழியில் ஒரு மூலை மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நிரந்தரமாக்கும் பேச்சும் நின்றுபோனது. சௌந்தரராஜன் சாப்பிடப் போக வேறு மாடி வழியாக லிஃப்டில் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்.

வீட்டில் மனைவி கிரிஜாவிடமும் அதே கதையைத்தான் சொல்லியிருந்தார். ஜகார்த்தாக்காரர்களிடம் சொன்னதை இங்கே மாற்றிச் சொல்ல வரவில்லை. ஒருமுறை சொன்னதும் அது நடந்ததுபோலவே ஆகிவிட்டது.

கிரிஜாவின் பிறந்த வீடு செகந்திராபாத் பக்கம் போலாரத்தில். வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம், பேச்சில் ஆமாவுக்கு 'ஹவ்', வேண்டாமுக்கு 'நக்கோ' என்று ஊர் உருது கலந்து வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் துரைராஜ் வீட்டில் சாப்பாடு. பேச்சு ஆபீஸ் பக்கம் திரும்பியதும் கிரிஜாவே ஆரம்பித்தாள்.

"அண்ணா, இவங்க ஆபீஸ் கூத்தக் கேளு. கோழி விக்கிற துலுக்கக் கம்பெனிக்கு ஒரு பொண்ணு பன்னின்னு பேர் வச்சிடுச்சு. படத்தோட!"

"ஹவ்!" துரைராஜ் சோற்றை விட்டுவிட்டுச் சிரித்தார். "சரியாப் போச்சு. எந்தூருப் பொண்ணு மாப்ள? பேரென்ன?"

"நஸ்ரின்னு..." என்றார் சௌந்தரராஜன்.

குழம்புக் கரண்டியோடு நின்ற கிரிஜா திரும்பிப் பார்த்தாள். "நஸ்ரினா? பேர் இன்னிக்குத்தானே சொல்றீங்க. அவளே முஸ்லிம் பொண்ணு. அவ எதுக்குப் பன்னிப் பேர வைக்கப் போறா?"

"தெரியாம வச்சிருக்கும்" என்றார் துரைராஜ்.

"நக்கோ அண்ணா, யோசிச்சுப் பாரு. வார்த்தை தெரியாம இருக்கலாம். படம் தெரியாதா? பன்னி மூஞ்சியயும் அவளே உக்காந்து ஒட்டுனாளா?"

அவள் குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்று யோசித்தால் கேட்கக்கூடிய கேள்வி. ஜகார்த்தாவில் கேட்கவில்லை, சாருலதா கேட்கவில்லை, டீமில் தெரிந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. சௌந்தரராஜன் "என்னவோ, தெரியல" என்று தட்டைப் பார்த்துக் குனிந்தார். ரசம் ஊற்றவா என்று துரைராஜின் மனைவி கேட்டது அவர் காதில் ஏறவில்லை.

திரும்பும்போது பாலாநகர் சிக்னலில் வண்டிகள் அசையாமல் நின்றன. கிரிஜா ஏசியைக் கூட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் அவர் சொன்னார்.

"அந்தப் பேர நான்தான் வச்சேன்."

"எந்தப் பேர?"

"பன்னிப் பேர. நான்தான் வச்சேன். அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லுச்சு. நான் கேக்கல. அப்புறம் அவங்க கேட்டப்ப, அவதான் வச்சான்னு சொல்லிட்டேன். அவ எதிர்லயே."

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வண்டியை நகர்த்தினார். கூகட்பல்லி தாண்டியதும் கிரிஜா ஏசியைக் குறைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நான் அத சொல்லிச் சொல்லிச் சிரிச்சேனே. பக்கத்து ஃப்ளாட்ல சொன்னேன். இன்னிக்கு அண்ணன் வீட்டுல சொன்னேன். ஒரு தப்பும் பண்ணாத பொண்ணு."

வீட்டுக்கு வந்ததும், அண்ணனுக்குப் போன் போடுங்க என்றாள். சௌந்தரராஜன் போட்டார். துரைராஜ் கேட்டுவிட்டு, "பரவால்ல விடு மாப்ள, ஆபீஸ்னா அப்படித்தான்" என்றார். அந்த ஆறுதல் வசவைவிட மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை சாருலதா மேடத்தின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு தமிழில், கொஞ்சம் குரலை இறக்கிச் சொன்னார்:

"சௌந்தர், அவங்க இப்பதான் ஆறியிருக்காங்க. இப்பப் போயி, அன்னிக்குச் சொன்னது பொய்னு சொன்னா, வேற எதுல எல்லாம் பொய் சொல்றோம்னு கேப்பாங்க. விட்டுடுங்க. நஸ்ரின நான் வேற ப்ராஜெக்ட்ல போட்டுடறேன். கன்ஃபர்மும் பண்ணிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்ல."

தப்பித்துக்கொள்ள ஒரு கதவு திறந்தே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கால் திரும்பவும் செய்தது. ஆனால் வெளியே போனால் அந்த மூலை மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். இனி சுற்றிப் போக முடியாது என்று தோன்றியது.

"மேடம், அவங்க மனசுல அந்தப் பொண்ணு பேர் அப்படியே இருக்குமே" என்றார். "நான் சொல்லிடறேன். என்ன வந்தாலும் என் பேர்ல வரட்டும்."

அந்த வாரத்து அழைப்புக்கு நஸ்ரினையும் வரச் சொன்னார்கள். அவள் அறையின் கடைசி நாற்காலியில், கதவை ஒட்டி உட்கார்ந்தாள். சௌந்தரராஜன் எழுதி வைத்துப் படிக்கவில்லை. பெயரை வைத்தது நான், சுருக்கமான பெயர் வேண்டாம் என்று நஸ்ரின் எச்சரித்தாள், நான் கேட்கவில்லை, அன்று பயத்தில் அவள்மேல் போட்டுவிட்டேன் என்று சொன்னார். பிறகு வுலான் அவருக்குப் பதில் சொல்லாமல், "நஸ்ரின் இருக்கிறாரா?" என்று கேட்டார். நஸ்ரின் கேமராவுக்கு முன்னால் வந்தாள். "உன்னைத் தவறாக நினைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்" என்றார் வுலான். நஸ்ரின், "பரவாயில்லை மேடம்" என்றாள். அவ்வளவுதான்.

அறையைவிட்டு வெளியே வந்தபோது சௌந்தரராஜனுக்கு உடம்பே லேசானதுபோல இருந்தது. பல நாளைக்குப் பிறகு மூச்சு முழுதாக வந்தது. நஸ்ரின் பின்னாலேயே போய், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நிறுத்தினார்.

"நஸ்ரின், உங்கிட்ட நேரா ஒரு தடவை சொல்லணும். ரொம்பத் தப்பு பண்ணிட்டேம்மா."

அவள் பாட்டிலை மூடினாள். "சார், நான் சொன்னத நீங்க கேக்கலன்னு சொன்னீங்க."

"ஆமா."

"கேக்காம என்ன சொன்னீங்கன்னு சொல்லல."

"என்ன சொன்னேன்?" என்று கேட்டுவிட்டார். கேட்டு முடிப்பதற்குள் அது ஞாபகம் வந்துவிட்டது. தன் குரலிலேயே, இரண்டு பாஷையிலும்.

"அத என் வாயால திருப்பிச் சொல்லணுமா சார்?"

நஸ்ரின் குரலை உயர்த்தவில்லை. நின்ற இடத்திலிருந்து நகரவும் இல்லை.

"பேரு விஷயம் கிளையண்டோட போச்சு. அது பரவால்ல. ஆனா நீங்க சொல்லி எல்லாரும் சிரிச்சீங்கல்ல, அதுக்கப்புறம் கேன்டீன்ல தட்டத் தூக்கிட்டுப் போனாலே, சிக்கனா, இல்ல அதுவான்னு ஒருத்தர் கேப்பாங்க. தினமும் கேப்பாங்க. நானும் சிரிச்சுட்டுப் போயி உக்காருவேன். என்ன பண்றது? எங்க அத்தாகிட்ட ஆபீஸ்ல எல்லாரும் நல்லாப் பழகறாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவ்வளவு நேரம் லேசாக இருந்தது எல்லாம் போய்விட்டது. அவர் இதுவரை வெட்கப்பட்டது பொய் சொன்னதற்காக. பொய்க்கு முன்னால், பயமோ நெருக்கடியோ இல்லாத சாதாரண ஒரு நாளில், தானாகவே சிரித்துக்கொண்டு செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை அவர் மறந்தே போயிருந்தார். அவள்தான் அதோடு தினமும் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் டீமைக் கூட்டினார். உன்னைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாமா என்று நஸ்ரினிடம் கேட்டார். "நான் வரல சார். நீங்க சொல்லுங்க" என்றாள். அன்று என்ன சொன்னேன் என்பதை, மழுப்பாமல், அதே வார்த்தைகளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். இதைச் சொல்லி நான் உங்களைச் சிரிக்க வைத்தேன், அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதெல்லாம் என்னிடமிருந்து கிளம்பியதுதான் என்றார். இனிமேல் இந்த அறையில் அப்படி ஒன்று நடக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்க்க நினைத்திருந்தார். சேர்க்கவில்லை. புத்தி சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று பட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிரசாத் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். கூட்டம் கலைந்ததும் அவன் நேராக அந்த மூலை மேஜைக்குப் போனதைச் சௌந்தரராஜன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். என்ன பேசினான் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை பெரிதாக ஒன்றும் இல்லை. ஜகார்த்தா வேலை சில மாதங்களில் வேறொரு மேனேஜரிடம் போனது. காரணம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. உள்வேலை பார்க்கும் ஒரு சின்ன டீமை அவருக்குக் கொடுத்தார்கள். நஸ்ரினின் வேலை நிரந்தரமானது, மேல் மாடியில் வேறு ப்ராஜெக்டில் போட்டார்கள். பழைய இடத்துக்கே வருகிறாயா, சாருலதாவிடம் பேசுகிறேன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "வேணாம் சார். மேல் ஃப்ளோர்ல என்னை யாருக்கும் அவ்வளவாத் தெரியாது. அது நல்லா இருக்கு" என்றாள். லிஃப்டில் பார்த்தால் குட்மார்னிங் சொல்வாள். அவரும் சொல்வார். மாடி வரும்வரை இரண்டு பேரும் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சௌந்தரராஜன் இப்போதெல்லாம் பேச்சைக் குறைத்துவிட்டார் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். உண்மையில் வாய்வரை ஏதாவது கேலி வருகிறது. வந்ததும் யார் சிரிப்பார்கள், யார் சிரிப்பதுபோல நடிப்பார்கள் என்று அறையை ஒருமுறை பார்க்கத் தோன்றுகிறது. பார்த்து முடிப்பதற்குள் சொல்ல வேண்டிய நேரம் போய்விடுகிறது.

ரம்ஜான் முடிந்து ஊரிலிருந்து வந்த நஸ்ரின், ரவையில் செய்த தம்ரூட் கொண்டு வந்திருந்தாள். காலையில் சௌந்தரராஜன் வந்தபோது அவர் மேஜையில் ஒரு சின்ன டப்பா இருந்தது. திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு படியேறி மேலே போனார். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஸ்வீட்டுக்கு தேங்க்ஸ்மா."

"எல்லாருக்கும் கொண்டு வந்தேன் சார்" என்றாள் நஸ்ரின்.

இறங்கி வந்து பார்த்தார். பக்கத்து மேஜையிலும் அதே டப்பா இருந்தது. அதற்கு அடுத்த மேஜையிலும் இருந்தது. சாயங்காலம் கிரிஜா போனில், "அந்தப் பொண்ணு உங்ககூடப் பேசுதா?" என்று கேட்டபோது, ஸ்வீட் கொடுத்தாள், அவளுக்கு மனசு ஆறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தா. எனக்கும் கொடுத்தா" என்று மட்டும் சொன்னார்.